தூமாவதிக்குப் பசிக்கிறது

அய்யாத்துரை: ...அதனால பன்னெண்டு மாசமும் கூட்டம் வார மாதிரி ஒரு அம்மனாப் பாத்துச் சொல்லுங்க சாமி. ஐந்தருவியில மூணு மாசந்தான் தண்ணி. மிச்ச மாசமெல்லாம் என் லாட்ஜுல பல்லிதான் ரூம் எடுத்துத் தங்குது.

முத்துசெல்வி: அதுவும் வாடக குடுக்காம.

அய்யாத்துரை: ஏட்டி முத்துசெல்வி, சாமிக்குக் காப்பிய வச்சமா, போனமான்னு இரு.

முத்துசெல்வி: எங்க அத்தான் போறது? சாமிதான் என்னையும் உக்காரச் சொன்னாவ.

சாமியார்: உட்காரட்டும். உங்கள் தம்பி மனைவி இந்த அம்மாதானா?

அய்யாத்துரை: ஆமா சாமி. தம்பி போயி நாலு வருசமாச்சு. கீழ மெஸ்ஸு ஓடுததே இவ கைப்பக்குவத்துலதான். இப்ப என்னன்னா, செங்கோட்டையில ஒரு வேன்காரன்... புவனேஷாம். நான் மூஞ்சியக் கூடப் பாத்தது இல்ல. அவனக் கட்டிக்கிடப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கா.

முத்துசெல்வி: நிக்கத்தான் செய்யுதேன். எங்க போவ முடியுது? போனா மகள விட்டுட்டுப் போன்னு சொல்லுதாவ சாமி.

அய்யாத்துரை: குழலி எந்தம்பி ரத்தம்லா! எப்படி விடுவேன்?

முத்துசெல்வி: பிள்ள எந்த வகுப்பு படிக்கான்னு கேளுங்க சாமி. தெரியாது. பிள்ள இங்கன இருந்தா, தோச ஊத்த நானும் இங்கனயே இருப்பேன். அந்தக் கணக்கு மட்டும் நல்லாத் தெரியும்.

அய்யாத்துரை: பாத்தியளா வாய? அதான் சாமி, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. இவ மேல ஒரு அம்மன் எறங்கியிருக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா கல்யாணப் பேச்சும் நின்னுரும், லாட்ஜுக்கும் கூட்டம் வரும். வடகரையில ஒருத்தன் வேப்பமரத்துக்கு மஞ்சத்துணி கட்டியே ரெண்டு மாடி எடுத்துட்டான்.

முத்துசெல்வி: அந்த மரம் தோச ஊத்தாது அத்தான். அதான் அது நிம்மதியா நிக்கி.

சாமியார்: தச மகாவித்யைகளில் ஒருத்தி இருக்கிறாள். தூமாவதி. தூமம் என்றால் புகை. பத்துப் பேரில் கணவன் இல்லாத தேவி அவள்தான்.

அய்யாத்துரை: அடடா! இவளுக்குன்னே தச்ச மாதிரில்லா இருக்கு!

முத்துசெல்வி: அளவெடுக்காமலே தச்சிட்டாவ.

சாமியார்: அழுக்குப் புடவை. விரித்த கூந்தல். கொடியில் காகம்.

அய்யாத்துரை: நக நட்டு?

சாமியார்: கிடையாது.

அய்யாத்துரை: பட்டு, பூ, அலங்காரம்?

சாமியார்: எதுவும் கிடையாது.

அய்யாத்துரை: செலவே இல்லியே சாமி! இந்த அம்மன இத்தன நாளு எவனும் எங்கிட்டச் சொல்லலியே!

சாமியார்: தேர் உண்டு. இழுக்கக் குதிரை இல்லை.

முத்துசெல்வி: என் ஸ்கூட்டி மாதிரின்னு வைங்க. வண்டி என்னோடது, சாவி அத்தான் இடுப்புல.

சாமியார்: சிரிக்காதே மகளே. குதிரை இல்லாத தேர் என்றால், ஓட வேண்டிய அவசியம் தீர்ந்துபோனவள் என்று பொருள். எல்லாம் எரிந்து முடிந்தபின் மிச்சம் நிற்குமே புகை... அதுதான் அவள். இழக்க ஒன்றுமில்லாதவளை யாரும் பயமுறுத்த முடியாது. உபாசகனுக்கு அவள் கொடுக்கும் ஞானம் அது.

முத்துசெல்வி: நல்லாருக்கு. எரிச்சது யாருன்னும் சொல்லியிருக்கா சாமி?

அய்யாத்துரை: ஏட்டி...

சாமியார்: கையில் முறம் இருக்கும். பதரைத் தள்ளி மணியை மட்டும் வைத்துக்கொள்ள.

முத்துசெல்வி: சொளவா? குடுங்க, இந்த வீட்டயே ஒரு தடவ பொடைச்சுப் பாக்கேன். சோத்துக்கு அரிசி தேறுதான்னு தெரிஞ்சிரும்.

அய்யாத்துரை: அவ கெடக்கா சாமி. ஏழாம் நம்பர் ரூம ஒதுக்கிருதேன். பாத்ரூம் ஒழுகும், அது பரவால்ல... தீர்த்தம்னு சொல்லிக்கிடலாம். சாயங்காலம் தரிசனம். தென்காசியில ஃப்ளெக்ஸுக்குக் கூடச் சொல்லிட்டேன். பேரு மட்டுந்தான் போடணும்.

முத்துசெல்வி: காலம்பற?

அய்யாத்துரை: காலம்பற என்ன? வழக்கம்போல மெஸ்ஸுதான்.

முத்துசெல்வி: காலம்பற தோச ஊத்துத அம்மன், சாயங்காலம் வரம் குடுக்குத அம்மன். மத்தியானம் பாத்திரம் கழுவுத அம்மன் யாரு அத்தான்?

அய்யாத்துரை: வேற ஆளு வார வரைக்கும்... நீதான்.

முத்துசெல்வி: பத்து அம்மனுக்கும் சேத்து ஒத்தச் சம்பளம். அதுவும் கிடையாது.

சாமியார்: பொறுங்கள். அவள் எப்படிக் கணவனை இழந்தாள் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

அய்யாத்துரை: அத ஃப்ளெக்ஸுல போட எடமிருக்காது சாமி.

சாமியார்: கேட்டுக்கொள்ளுங்கள். தேவிக்கு ஒருநாள் அகோரப் பசி. சிவனிடம் சாப்பாடு கேட்டாள். பொறு என்றார். மறுபடி கேட்டாள். பொறு என்றார்.

முத்துசெல்வி: கைலாசத்துலயும் இதே கததானா?

சாமியார்: மூன்றாம் முறை கேட்கவில்லை. சிவனையே விழுங்கிவிட்டாள்.

அய்யாத்துரை: ...முழுசாவா?

சாமியார்: முழுசாக. உடம்பிலிருந்து புகை கிளம்பியது. அதனால்தான் தூமாவதி.

அய்யாத்துரை: சரி... அது என்னிக்கோ நடந்தது. இவ அப்படியா? சாதுப்பிள்ள.

முத்துசெல்வி: என்ன அத்தான் இப்படிச் சொல்லுதிய? பதினாறாம் நாளு, சொந்தக்காரங்க அத்தன பேரு முன்னால நீங்கதான சொன்னிய? ‘எந்தம்பிய முழுங்கிட்டு நிக்காளே’ன்னு.

அய்யாத்துரை: அது... ஏதோ வருத்தத்துல வாயில வந்தது.

முத்துசெல்வி: பாட்டிலு பாட்டிலா அவரு முழுங்கினதுதான் அவர முழுங்கிச்சு. வாங்கிக் குடுத்ததும் நீங்க. ஆனா பேரு எனக்கு.

சாமியார்: ஒரு நிமிஷம். அப்படியே சொன்னீர்களா? ‘முழுங்கிட்டா’ என்று?

அய்யாத்துரை: ஆமா சாமி... அதுக்கென்ன?

சாமியார்: ஈஸ்வரா! இத்தனை நேரம் நான் யாரை இறக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன்பே நீங்கள் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டீர்கள். அதுவும் வீட்டுக்குள்!

அய்யாத்துரை: வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதா?

சாமியார்: சம்சாரி வீட்டில் யாராவது தூமாவதியை வைப்பார்களா? அவள் இடம் சுடுகாட்டோரம். அவள் உட்கார்ந்த வீட்டில் லட்சுமி நிற்பாளா?

அய்யாத்துரை: அதான்... அதான் சாமி மூணு வருசமா சீசனே சரியில்ல! ரெண்டாவது மாடி ரூமெல்லாம் அடஞ்சே கெடக்கு!

முத்துசெல்வி: தலகாணி உறைய மாத்தினா ஆளு வருவான் அத்தான்.

சாமியார்: அது இருக்கட்டும். தம்பிக்குப் பிறகு இந்த வீட்டில் ஆண் என்று யார் இருக்கிறார்கள்?

அய்யாத்துரை: நான்... நான் மட்டுந்தான் சாமி.

சாமியார்: ஓ.

அய்யாத்துரை: என்ன சாமி ‘ஓ’ங்கிய?

முத்துசெல்வி: அத்தான்... பசிக்கி.

அய்யாத்துரை: ஏட்டி! கீழ மாவு இருக்குல்லா, ஊத்தித் தின்னு! பத்து வேணும்னாலும் தின்னு!

முத்துசெல்வி: தோசப் பசி இல்ல அத்தான் இது.

அய்யாத்துரை: சாமி, கண்ண இமைக்காமப் பாக்கா சாமி! ஏதாவது பண்ணுங்க!

சாமியார்: பரிகாரம் ஒன்றுதான். விதவைக் கோலம் கலைய வேண்டும். கழுத்தில் மஞ்சள் ஏறினால் புகை இறங்கும். ஆனால் நீங்கள்தான் கல்யாணமே கூடாது என்று...

அய்யாத்துரை: யாரு சொன்னா? நானா? அந்த வேன்காரப் பயல... அந்தத் தம்பியக் கூப்பிடு முத்து! நல்ல பையன்னு எல்லாரும் சொல்லுதாவ!

முத்துசெல்வி: வேண்டாம் அத்தான். உங்க மானம் என்னாவுறது? நான் ஏழாம் நம்பர்லயே உக்காந்துக்கிடுதேன்.

அய்யாத்துரை: மானம் கெடக்குட்டி!

முத்துசெல்வி: பிள்ளைய விட்டுட்டு நான் எங்கயும் போவ மாட்டேன்.

அய்யாத்துரை: யாரு விடச் சொன்னா? கூட்டிக்கிட்டுப் போ!

சாமியார்: யோசித்துச் சொல்லுங்கள். தம்பி ரத்தம் என்றீர்களே.

அய்யாத்துரை: ரத்தம் பேச்சே இப்ப வேண்டாம் சாமி! மகளும் தாயும் ஒண்ணாப் போட்டும். எங்குடும்பத்துல ஒருத்தரும் குறுக்க நிக்க மாட்டோம். முப்பிடாதியம்மன் மேல சத்தியம். போதுமா?

முத்துசெல்வி: ஸ்கூட்டி?

அய்யாத்துரை: இந்தா சாவி! அந்தத் தம்பி நம்பரச் சொல்லு. இங்கன சிக்னல் எடுக்காது, மொட்ட மாடிக்குப் போயி நானே பேசுதேன். சாமி, அதுவரைக்கும் இவளப் பாத்துக்கிடுங்க... வாயத் தொறக்க விட்டுராதிய!

முத்துசெல்வி: ...போயிட்டாவளா?

சாமியார்: ரெண்டு ரெண்டு படியாத் தாவுதாவ.

முத்துசெல்வி: சிரிக்காதிய. கதவு தெறந்து கெடக்கு.

சாமியார்: அந்தப் புகை, சொளவு, குதிர இல்லாத தேரு... உங்க அத்தான் சாமியாரத் தேடுதாவன்னதும் நீங்க சொல்லிக் குடுத்ததெல்லாம் உள்ளதுதானா?

முத்துசெல்வி: உள்ளதுதான். போன சீசனுக்கு வந்த கல்கத்தாக்கார அம்மா, நான் தோச ஊத்த ஊத்தப் பக்கத்துல நின்னு சொன்னாவ. அவிய கும்பிடுத சாமியாம். சுடுகாட்டோரம், லட்சுமி வரமாட்டான்னு சொன்னதும் அவியதான். அந்த மஞ்சப் பரிகாரம் மட்டும் என் சமையல்.

சாமியார்: அந்தப் பசி? நானே ஒரு நிமிசம் அரண்டுட்டேன்.

முத்துசெல்வி: அது நடிப்பு இல்ல. நாலு வருசமா உள்ளது.

சாமியார்: அப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க மைனி. கல்யாணத்தன்னைக்கு நான் இந்தத் தாடிய எடுக்கவா, வேண்டாமா? எடுக்காட்டா, புவனேஷ் அண்ணனுக்குக் கூடப்பொறந்த தம்பி நான்னு மண்டபத்துல ஒருத்தனும் நம்ப மாட்டான்.