பெயின்ட் அடிக்காத பொம்மை

— மூச்சு விடாதே.

— என்னது?

— மாடல் சுவர் மேல மூச்சு விடாதேன்னேன். ஈரம் பட்டா சூப்பர் க்ளூ வெள்ளையா பூத்துடும். ஜன்னல் கண்ணாடி பூரா புகை படிஞ்ச மாதிரி ஆயிடும். அப்புறம் தலைகீழா நின்னாலும் போகாது.

— நல்லா இருக்கு அண்ணா. இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்கு கார் வந்துடும், ஊரை விட்டே போறேன். தங்கச்சிகிட்ட கடைசியா பேசுற பேச்சா இது, மூச்சு விடாதேன்னு?

— கடைசின்னு யார் சொன்னா? இந்த மூலையை ரெண்டு விரலால பிடி. அழுத்தாதே வாலு, சும்மா பிடி.

— பிடிச்சேன் சாமி. ட்யூபை ஒரு பிதுக்கு பிதுக்கினா வேலை முடிஞ்சுது. அதை விட்டுட்டு ஊசியால தொட்டுத் தொட்டு...

— பிதுக்குறதெல்லாம் உடைஞ்ச பக்கெட்டுக்கு. இது வீடு. முதல்ல மூடியில ஒரு சொட்டு விடணும். இந்த ஊசியோட காதை நுனியில வெட்டிட்டேன் பாரு, கவட்டை மாதிரி இருக்கா? அதுல எவ்வளவு நிக்குதோ அவ்வளவுதான் கணக்கு. மூட்டுல லேசா தொட்டா போதும், அதுபாட்டுக்கு உள்ள ஓடும்.

— அட, ஆமா. நூல் மாதிரி ஓடுது.

— கூடினா வழியும், குறைஞ்சா விட்டுடும். அளவா வெச்சா ஜென்மத்துக்கும் விடாது.

— பில்டருங்க கேட்டா மாடல் செஞ்சு கொடுக்குற, சரி, அது உன் தொழில். நம்ம வீட்டையே செய்யணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? மாடிப்படியில உடைஞ்ச டைல்ஸ் கூட விடல. என் ரூம் கொடியில துண்டு தொங்குது.

— துண்டு டிஷ்யூ பேப்பர். நல்லா இருக்கா?

— ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு. ஹால்ல நாற்காலி, நாற்காலியில அப்பா.

— சட்டைக் கட்டத்தைப் பாரு. ஒத்தை முடி பிரஷ்ல போட்டது.

— அப்பாவை எப்ப ஒட்டின?

— மழை ஆரம்பிச்சப்போ.

— நிஜ அப்பா நாற்காலியை விட்டு எந்திரிக்காம போனதும் மழை ஆரம்பிச்சப்போதான்.

— வயசாகுது இல்ல.

— டாக்டர் என்ன சொன்னார்? நரம்பு நல்லா இருக்கு, எலும்பு நல்லா இருக்கு, ஏன் எந்திரிக்க மாட்டேங்குறார்னு புரியலைன்னு தலையைச் சொறிஞ்சார். பேச்சும் நின்னுபோச்சு. வாயைத் திறக்கப் பாக்குறார், உதடு பிரிய மாட்டேங்குது. கஞ்சியை ஸ்பூனால ஓரமா விடுறேன். ஏன் அண்ணா, வாய்லயும் பசை வெச்சியா?

— சீச்சீ. ஊசியை எடுக்கும்போது முகத்துல லேசா பட்டுடுச்சு. அது என் தப்புதான். துடைக்கறதுக்குள்ள காஞ்சுபோச்சு.

— நான் கிண்டலுக்குக் கேட்டேன்.

— தெரியும். விரலை எடுக்காதே, இன்னும் பிடிக்கல.

— அப்போ அந்தப் பூனை?

— எந்தப் பூனை?

— நடிக்காதே. காம்பவுண்டு சுவர் மேல ஒரு பூனையை ஒட்டி வெச்சிருக்க. நம்ம பூனை அதே இடத்துல உக்காந்து, கொட்டுற மழையில கத்திக் கத்திக் கிடந்துச்சு. பாலைக் காட்டினேன், மீனைக் காட்டினேன், இறங்கல. தூக்கப் போனா பிறாண்டுச்சு. அங்கேயே செத்துச்சு.

— ரோட்டுல அடிபட்டுச் சாகல இல்ல? அம்மா மாதிரி?

— அம்மாவை ஏன் இழுக்குற?

— இழுக்காம? பட்டன் வாங்கப் போறேன், அஞ்சு நிமிஷத்துல வரேன்னு போனாங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போறீங்க. காரியம் முடிஞ்ச மறுநாளே இந்த வீட்டுக்குத் தரை வெட்டினேன். இனி இந்தக் குடும்பத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது.

— அப்பா என்ன பண்ணினார் உன்னை?

— சாயந்திரம் ஆனா போதும், நடந்துட்டு வரேன்னு கிளம்பிடுவார். இந்தப் பக்கமும் பாக்காம அந்தப் பக்கமும் பாக்காம ரோட்டைக் கடப்பார். அவர் திரும்பி வர வரைக்கும் நான் வாசல்லயே நிப்பேன்.

— நீயும் கூடப் போயிருக்கலாமே. கையைப் பிடிச்சுக்கிட்டு.

— கை நழுவும் வாலு.

— வாசக் கதவை மட்டும் ஏன் ஒட்டாம விட்டிருக்க? ஆடுதே.

— கதவு திறந்து மூடணும், காத்து வரணும். ஜெயிலா கட்டுறேன் நான்? ஆள் இருக்கற இடத்துல இருந்தா போதும். ம், சுவர் பிடிச்சுடுச்சு. விரலை எடு. மெதுவா. இனி ஒண்ணுதான் பாக்கி.

— எது?

— ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருக்கு பாரு. அதுல வெள்ளையா ஒரு பொம்மை.

— யாரு அது?

— யாரா இருக்கும்? நீதான். மடியில ஒரு புத்தகம் வெச்சு, அந்த நீல டிரஸ் போட்டுவிடலாம்னு இருக்கேன்.

— முகமே இல்லையே அதுக்கு.

— இப்போதைக்கு எல்லாம் ஒரே அச்சு. உக்காந்த பொம்மை பாக்கெட்டா வாங்கினது. பெயின்ட் மேல பசை நிக்காது, பெயின்ட்டோட உரிஞ்சு வந்துடும். முதல்ல ஒட்டணும், அப்புறம்தான் கலர். நாற்காலி நாற்காலியா யார் யார்னு நான் மனசுல வெச்சிருக்கேன்.

— நீ எங்க?

— இந்த ரூம்ல, மேஜை முன்னாடி. நானும் வெள்ளைதான். என்னை ஒட்ட முடியாது. ஒட்டிட்டா கடைக்கு யார் போறது?

— அண்ணா, இங்க பாரு. பொம்மையைப் பாக்காதே, என்னைப் பாரு. நான் கேட்ட வேலை கிடைச்சிருக்கு. ரூம் பாத்தாச்சு, சாவி கைக்கு வந்தாச்சு. எனக்குப் போகணும்னு ஆசையா இருக்கு, மனசு கொள்ளாத ஆசை. உன்னைப் பிடிக்காம போகல.

— வேலை இங்க கிடைக்காதா?

— அந்த ஊசியைக் கீழ வை.

— ஒரு சொட்டுதான். வலிக்காது. அப்பாவுக்கு வலிச்சதா என்ன?

— அவரைக் கேட்டியா நீ? எனக்குக் காய்ச்சல் வந்தா நெத்தியில துணி போட்டுட்டு பக்கத்துலயே உக்காந்திருப்ப. நான் சைக்கிள் கத்துக்கிட்டப்போ பின்னாடியே மூச்சிரைக்க ஓடி வந்த. அந்த அண்ணனைக் கேக்குறேன். கீழ வை. லீவு கிடைக்கறப்போ எல்லாம் வரேன்.

— அம்மாவும் வரேன்னாங்க.

— வேண்டாம் அண்ணா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், கேளு.

— எல்லாரும் என் நல்லதுக்குத்தான் சொல்றீங்க. லென்ஸை மாட்டிக்கறேன், தள்ளு.

— அதை மாட்டினா உனக்கு மூட்டு மட்டும்தான் தெரியும். ஆள் தெரியாது.

— ஆள் எதுக்கு? மூட்டு தெரிஞ்சா போதும்.

— உன் கால்ல விழறேன், ஒட்டாதே.

— ஷ்ஷ். கை ஆடும்... தொட்டாச்சு. ஓடுது பாரு, நாற்காலிக்கும் பொம்மைக்கும் நடுவுல சுத்தி வந்துடுச்சு. ஒரு சிட்டிகை சோடா உப்பு தூவுறேன், நிமிஷத்துல கல்லாயிடும். ஆயிடுச்சு. ஒரு துளி வழியல வாலு. இந்தக் கையால செஞ்சதுலயே இதுதான் சுத்தமான ஒட்டு.

— ஐயோ அண்ணா.

— அழாதே. ரெண்டு நாள்ல பழகிடும். உனக்குப் பிடிச்சதெல்லாம் நானே வாங்கிட்டு வரேன். எங்க, எந்திரிச்சுப் பாரு.

— எந்திரிச்சுட்டேனே.

— எப்படி?

— நடக்கவும் செய்றேன், பாரு. நான் எனக்காக அழல.

— காயலையா? நல்லா காஞ்சிருக்கே! ஆட்டிப் பாத்தேனே!

— நீ குளிக்கப் போனப்போ பொம்மையை மாத்திட்டேன். மேஜை முன்னாடி இருந்தவனைத் தூக்கி ஜன்னலோரம் வெச்சேன். என்னைக் கைப்பையில போட்டுக்கிட்டேன். இப்ப மேஜைகிட்ட இருக்கறது பாக்கெட்டுல மிச்சம் கிடந்த ஏதோ ஒண்ணு.

— பொய் சொல்ற. நீ அதையெல்லாம் தொட மாட்ட.

— எத்தனை வாட்டி வேண்டாம்னு சொன்னேன்? நீ ஊசியைக் கீழ வெச்சிருந்தா பையைத் திறந்து காட்டி, உன்னைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டுக் கிளம்பியிருப்பேன். வெச்சுடுவன்னு நம்பினேன். சத்தியமா நம்பினேன் அண்ணா.

— விளையாடாதே. காலையிலேர்ந்து உக்காந்தே வேலை பாக்குறேன், கால் மரத்துப்போச்சு, வேற ஒண்ணுமில்ல. கையைக் கொடு. இழு. நல்லா இழு!

— இழுக்குறேன். வரல.

— நாற்காலியோட சேர்ந்து வருதே! வாலு, இது என்ன... சரி சரி, இரு. பயப்படாதே. டிராயர்ல நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கும், எடு. பஞ்சுல நனைச்சு ஓரமா வை, பசை கரைஞ்சுடும். பாத்து, பிளாஸ்டிக்ல படாம. பட்டா அதுவும் கரையும்.

— தெரியும். கொஞ்சம் பட்டுத்தான் போச்சு.

— எதுல பட்டுச்சு? பாட்டில் எங்க?

— காலி. துளித்துளியா தொட்டுத் தேய்ச்சதுல ஒரு ஆளுக்கே சரியாப் போச்சு.

— எந்த ஆளுக்கு?

— கையை நீட்டி ஹால்ல இருக்கற அப்பாவைத் தொட்டுப் பாரு.

— ஆடுறாரே... கையோட வந்துட்டாரே!

— நான் கிளம்புறேன் அண்ணா.

— போகாதே! இல்ல, போ. கடைக்குப் போ, இன்னொரு பாட்டில் வாங்கிட்டு வா. ஓடு. திரும்பி வருவ இல்ல? வாலு? சொல்லிட்டுப் போ, வருவ இல்ல?

— ஏம்மா, கார் வந்து நிக்குது, அவன் ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருக்கான். நாக்குதான் இன்னும் கொழகொழங்குது, இந்தக் கால் கொஞ்சம் நொண்டுது, மத்தபடி நான் ரெடி. என் செருப்பை எங்க வெச்ச?

— அப்பா?

— இவன் ஏம்மா இப்படி உக்காந்தே இருக்கான்? எந்திரிச்சு வந்து பெட்டியைத் தூக்கச் சொல்லு.