கோதண்டபாணியும் எடைக்கல்லும்

ஸ்டேஷன் காப்பி இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல்.

பிள்ளையார்பாளையத்துப் பட்டு வியாபாரி கோதண்டபாணி மேல் எனக்குத் துளியும் கோபம் கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவன். அவருடைய சோதனையில் பிழை இருந்தது, அவ்வளவுதான். நெசவாளர் கொண்டுவரும் புடவையையும் தன் கடைப் புடவை ஒன்றையும் மடித்தபடியே மொட்டைமாடியிலிருந்து கீழே போடுவார். நெசவாளர் புடவை பிந்தி விழுந்தால் சரிகை கம்மி என்று திருப்பி அனுப்பிவிடுவார். தராசு கடையிலேயே இருந்தது. ஆனாலும் தெருவே இதை நம்பியது, நெய்தவர்கள் உட்பட.

நான் போய் எடுத்துச் சொன்னேன். கனமானதும் லேசானதும் ஒன்றாகத்தான் விழும், நீங்கள் உங்கள் புடவையைச் சற்று முன்னால் விடுகிறீர்கள் என்றேன்.

"வாத்தியாரே, நீ புக்கைப் பாத்துக்கினு இரு. சரக்கு உழறதை நான் பாத்துக்கிறேன். காத்தாடி மாதிரி கீற. ரெண்டு பேரும் குதிச்சா, நான் தரையில காப்பி குடிச்சிக்கினு இருக்கசொல்ல நீ பாதி வழியில கீறபா" என்றார்.

தெரு சிரித்தது. மறுநாள் என் வகுப்பும் சிரித்தது. கரும்பலகையில் யாரோ என்னைக் காத்தாடியாக வரைந்திருந்தார்கள். வால்கூட இருந்தது. அதைத் துடைத்தபோதும் எனக்குக் கோபம் வரவில்லை. சரியான சோதனை ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும் என்றுதான் பட்டது.

நானும் அவரும் குதிப்பதுதான் முறை. ஆனால் முடிவைக் கவனிக்க ஒருவர் மேலே இருக்க வேண்டுமே. நேற்று அவர் மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தார். அவர் கடைத் தராசின் ஐந்து கிலோ எடைக்கல்லை எடுத்துக்கொண்டு ஏறினேன். ஒரு கையால் கல்லை விட்டேன், மறு கையால் அவரைத் தள்ளினேன். ஒரே நேரத்தில்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. ஆனால் எதிர்வீட்டு மணியம்மாள், "மொதல்ல கல்லு உழுந்துச்சு, அப்பால தான் அவரு" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்தால்தான் கையெழுத்துப் போடுவேன்.

அவள் காதில் இரண்டு சத்தம் விழுந்திருக்கலாம். அதற்குப் புவியீர்ப்பு பொறுப்பல்ல. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். விரல்களை ஒவ்வொன்றாக நான் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தன.