மார்ஷ் சட்டையில் ஓட்டோ

ஹலோ... ஆமாங்க, வின்ஸ்லோ வீடுதான்... டாக்டர், நானும் எத்தனை தடவைதான் சொல்றது? எல்வுட் மார்ஷ் அங்க இல்ல... நீங்க கத்தினா நானும் கத்துவேன், எனக்கென்ன தொண்டை இல்லையா... சரி, உங்க மேஜை மேல எவன் வேணா படுத்திருக்கட்டும். மார்ஷ் இங்க என் அடுப்படியில உக்காந்து ஆப்பிள் பை தின்னுக்கிட்டு இருக்கான்... ஆமாங்க, கண்ணால பாத்துக்கிட்டேதானே பேசறேன். வாயெல்லாம் சர்க்கரை...

மார்ஷ் முள்கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. தெருவுக்கே தெரிந்த, ஆனால் யாரும் வாய் திறக்கக் கூடாத விஷயம் அது. எங்கள் ஹார்லோ கல்லூரியில் படிப்பவர்களே கொஞ்சம் பேர். அதில் ஃபுட்பால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, ஆளை முட்டித் தள்ளி ஓடத் தெரிந்தவர்கள் அதைவிடக் கொஞ்சம். அந்த 1908ஆம் வருடம் நவம்பர் வருவதற்குள் ஒருவனுக்குத் தோள் எலும்பு போனது, ஒருவனுக்கு முட்டி. இன்னொருவனை அவன் அம்மா வந்து காதைப் பிடித்து இழுத்துப் போனாள். கடைசி ஆட்டத்திலும் தோற்றால் அணியையே கலைத்துவிடுவோம் என்று கல்லூரிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கோச் என்ன செய்தார்? பாதிரியார் படிப்புப் படிக்கும் ஒல்லிப்பிச்சான் மார்ஷின் சட்டையை எங்கள் தெருக் கொல்லன் ஓட்டோ கிரேபருக்கு மாட்டி, மார்ஷ் என்ற பெயரையும் மாட்டி, எதிரணியின் ஊரான பெண்டனுக்கு ரயிலேற்றிவிட்டார். எல்லாக் கல்லூரியும் செய்கிற வேலைதான். என் வீட்டில் தங்கிப் படிக்கும் நிஜ மார்ஷ் சாயங்காலம் வரை யார் கண்ணிலும் படக் கூடாது. அதற்குத்தான் என் அடுப்படி, அதற்குத்தான் அந்த ஆப்பிள் பை.

ஹலோ... இல்ல, வைக்கல, இருக்கேன்... நான் சொன்னது வேற மார்ஷ். அவன் தம்பி... ஆமா, தம்பி பேரும் எல்வுட்தான். அவங்க அம்மாவுக்கு வேற பேரு தெரியாது போல... சரி, அதை விடுங்க. என்ன ஆச்சு, கால்ல அடியா?... தலையிலயா... எத்தனை பேரு மேல விழுந்தாங்க?... கடவுளே... கண்ணு தொறக்கலயா?... பேச்சு?... ஒரு கண்ணுமணி பெருசா, ஒண்ணு சின்னதாவா. அப்படின்னா என்ன டாக்டர்?... இல்ல, மூடி மறைக்காதீங்க, நான் புருஷனையும் ஒரு அண்ணனையும் அடக்கம் பண்ணினவ, சொல்லுங்க...

ம்... ம்... மண்டையையா? தொறக்கிறதா?... உங்க வீட்டு மேஜையில வெச்சா?...

அவன் அம்மா அப்பாவுக்கா? நான் எப்படிங்க சொல்றது... மார்த்தா, ஃபோனை வை. நீதான்னு எனக்குத் தெரியும், உன் கனாரிக் குருவி காதுல கத்துது... இல்ல டாக்டர், உங்கள இல்ல. ஒரே கம்பியில எட்டு வீடு. ஒரு வீட்டுல மணி அடிச்சா எட்டு வீட்டுலயும் காது நீளும்... மார்த்தா, வெச்சிட்டியா?... வெச்சிருந்தா எங்கிருந்துடி "வெச்சிட்டேன்"னு சொல்ற?

சொல்லுங்க டாக்டர்... இதுக்கு முன்னாடி தலையில அடி பட்டிருக்கான்னா கேக்கறீங்க? மார்ஷுக்கா? அவன் தலையில பைபிள்கூட விழுந்ததில்ல... ஆமா, நல்லாத் தெரியும், என் வீட்டுலதானே தங்கறான்... ஓ. அப்ப இது இன்னிக்குப் பட்ட அடி மட்டும்தானா... காலைல வரைக்கும் பொறுத்துப் பாக்கலாமா. தானா கண்ணு முழிச்சாலும் முழிப்பான். சரிங்க, அதுதான் நல்லது, எதுக்கு மண்டையை...

பொறுங்க. வைக்காதீங்க.

டாக்டர், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். முன்னாடி அடி பட்டிருந்தா?... இல்ல, சும்மா கேக்கறேன்... இந்த மாசத்துலயேன்னு வெச்சுக்குங்க. காதுக்குப் பின்னால. ஒரு நாள் பூரா தலையைப் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சான், வாந்தி எடுத்தான்னு வெச்சுக்குங்க... என்னது, காலைல வரைக்கும் தாங்காதா?... இப்பவே தொறக்கணுமா?...

மார்ஷ் நான் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைப் பிடித்து இழுத்தான். தன்னைக் கல்லூரியிலிருந்து துரத்திவிடுவார்கள் என்றான், அணியே போய்விடும் என்றான், கோச் கொன்றுவிடுவார் என்றான்.

கையை எடுடா... இல்ல டாக்டர், இங்க ஒரு நாய்க்குட்டி... யாரு? கோச்சா? நீ எப்ப ஃபோனைப் பிடுங்கின?... நான் ஒண்ணும் உளறல... அடேய், நீ ஜெயிச்சா ஜெயிச்சுக்கோ, தோத்தா தோத்துக்கோ. அவன் செத்தா உன் கல்லூரி அவன எந்தப் பேருல புதைக்கும்? டாக்டர்கிட்ட குடு... குடுங்கறேன். இல்லன்னா கல்லூரிப் பெரியவங்களுக்கே இப்பவே ஃபோன் போட்டுச் சொல்லிடுவேன்...

டாக்டர், நீங்கதானே?... கேளுங்க. அவன் மார்ஷ் இல்ல. ஓட்டோ கிரேபர். எங்க தெருக் கொல்லன். லாடம் கட்டறப்போ பெல் குடும்பத்துப் பண்ணைக் குதிரை உதைச்சிருச்சு, இடது காதுக்குப் பின்னால. என் ஜன்னல்லேருந்து பாத்தேன். விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான்... ஆமா, நெஜமாத்தான்... ரெண்டு வாரம் இருக்கும்... பெண்டாட்டிகிட்ட சொல்லாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டான். அவ மாசமா இருந்து கலைஞ்சு போன நேரம், பயந்துடுவான்னு... நானும் சொல்லல. நான் ஒரு விஷயத்தை அடக்கி வெச்சேன்னா ஊரே நம்பாது...

அவ சம்மதம் வேணுமா?... லீனா. லீனா கிரேபர்... இருங்க, பக்கத்து வீடுதான், ஜன்னல்லேருந்தே கூப்பிடறேன். துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா...

காணோமே.

கூடை இருக்கு. பாதித் துணி கொடியில தொங்குது. ஆள் இல்ல...

டாக்டர், ஒரு நிமிஷம் பேசாதீங்க.

லீனா?... பட்டறை ஃபோன்லயா இருக்க?... லீனாம்மா, மூச்சு விடறது கேக்குது. நீதானே?...

எதுலேருந்து கேட்ட?... குதிரையும் கேட்டியா... ஆமாம்மா. ஆமா. உன் புருஷன்தான்... இல்ல, உசிரு இருக்கு, டாக்டர் பக்கத்துலயே இருக்காரு... அழுகையை அப்புறம் வெச்சுக்கோ, என் மேல கோவத்தையும் அப்புறம் வெச்சுக்கோ. அவரு ஒரே ஒரு வார்த்தை கேக்கறாரு. மண்டையைத் தொறக்கலாமா, வேண்டாமா. உன்னைத் தவிர யாரும் சொல்ல முடியாது... எனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா... தொறந்தாலும் பயம்தான், தொறக்காட்டியும் பயம்தான்... மார்த்தா, நீ அழாத, உன் அழுகைல அவ பேசறது கேக்கல...

சொல்லு லீனா... சத்தமாச் சொல்லு, கம்பி இரையுது...

டாக்டர், கேட்டுச்சா? சரின்னு சொல்லிட்டா... ஹலோ, கேட்டுச்சா?... அவ சரின்னுட்டா, ஆரம்பிங்க... ஹலோ... ஹலோ...

கம்பி அறுந்துபோனதா, எக்ஸ்சேஞ்சில் பிடுங்கினார்களா, தெரியாது. என் குரல் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் பிறகு தெரிந்தது. டாக்டர் அப்போதே மண்டையைத் திறந்தார். லீனா சரக்கு ரயிலில் கார்டு பெட்டியில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தபோது ஓட்டோவின் கை சூடாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் மணி அடிக்கும் நேரத்தில் அதுவும் ஆறிவிட்டது.

ஹார்லோ அந்த ஆட்டத்தில் ஜெயித்திருந்தது. அந்த ஜெயத்தைக் கொண்டாட ஒருவனும் முன்வரவில்லை, ஜெயித்தும் அணியைக் கலைத்துவிட்டார்கள். கோச் டகோட்டா பக்கம் போய் விதை விற்கிறார் என்று கேள்வி. மார்ஷ் பாதிரியார் படிப்பை விட்டான். பட்டறையில் லீனாவுக்குத் துருத்தி ஊதப் போனான், முதல் மாதமே புருவத்தைச் சுட்டுக்கொண்டான். இரண்டு குளிர்காலம் கழித்து அவர்களுக்குக் கல்யாணம் ஆனது. தெருவின் கண் தாங்காமல் நெப்ராஸ்காவுக்குப் போய்விட்டார்கள். தெருவின் கண் என்று மார்த்தா சொல்வது என் ஜன்னலைத்தான்.

பெண்டன் பத்திரிகை அந்தத் திங்கட்கிழமை, ஹார்லோவின் வீரன் எல்வுட் மார்ஷ் மைதானத்தில் பட்ட அடியால் காலமானான் என்று போட்டது. இன்றுவரை திருத்தவில்லை. அந்த ஊரைக் கேட்டால், லீனா ஒரு செத்தவனைக் கட்டிக்கொண்டு போனாள்.