ஆபீசருக்காகக் கூட்டிய ஊடு

"கூட்டாம அள்ளாம அப்படியே போட்டு வெச்சிருந்தா இன்சூரன்சு காசு வந்திருக்கும் கண்ணு."

சோமனூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், பனியன் கம்பெனி ஷிப்டு முடிந்து வருகிறவர்கள். இதைச் சொன்னவர் மூத்தவர். இளையவளுக்குத் தெற்கத்திப் பேச்சு.

"என்னக்கா சொல்லுதிய?"

"சூறக்காத்துல கூரைச் சீட்டெல்லாம் பறந்து போச்சில்ல. ஊட்டு லோன் குடுக்கறப்பவே பேங்குக்காரங்க இன்சூரன்சு போட வெச்சிருந்தாங்க. சேதத்தப் பாக்க ஆபீசர் வாராருன்னாங்க. ஆபீசர் வர்றப்ப ஊடு அலங்கோலமாக் கெடந்தா நல்லாவா இருக்கும்? ஒடஞ்சதையெல்லாம் அள்ளிக் கொட்டி, கூட்டி, வாசல் தொளிச்சு உட்டேன். அவுரு நெழல்ல உக்காரட்டும்னு பக்கத்தூட்டுத் தகரத்த இரவல் வாங்கி மேல போட்டோம்."

"வந்து என்ன சொன்னாவ?"

"சக்கர கம்மியாக் காப்பி கேட்டாரு. குடிச்சுப்போட்டு, சேதம் ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாரு."

"அந்தத் தகரம்?"

"அன்னைக்குப் பொழுதோட திருப்பிக் குடுத்தாச்சு."

"லோனு?"

"ரெண்டு மாசமாக் கட்டுல. கூரையில்லாத ஊட்டுக்கு எதுக்குங்க கட்டோணும்னு பேங்கு மேனேஜரக் கேட்டேன். கூரை இருந்தாலும் இல்லாட்டியும் லோன் லோன்தாம்மாங்கறாரு. திங்கக்கெழம நேர்லயே வாராராம்."

"அவுகளுக்கும் காப்பி போடுவியளாக்கா?"

"ஊடு தேடி வர்றவங்களுக்குக் குடுக்காம எப்படி?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆனா வெயில்ல உக்காந்துதான் குடிக்கோணும்."