முன்பக்கத்துக் கிராஸ்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால் திறக்க இருபது நிமிடமாவது ஆகும். என் பட்டறை கேட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால், சும்மா நிற்கிற வண்டிக்காரர்கள் பிரேக்கைப் பார், ஆயிலைப் பார் என்று கூப்பிடுவார்கள். எனக்கு வந்த வேலையில் பாதி அப்படி வந்ததுதான். நான் நல்ல மெக்கானிக். இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

பேச வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்று இரண்டு முறை சொன்னீர்கள், மாஜிஸ்திரேட் ஐயா. புரிந்துதான் பேசுகிறேன். யாரும் அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. வெண்ணாற்றங்கரையில் நடந்ததை விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். நானாகத்தான் வந்தேன்.

என் பெயர் சாமிதுரை. எங்கள் ஊர் மிராசுதார் பஞ்சநதத்தின் பண்ணையில் என் அப்பா முத்தன் ஆளாக இருந்தார். நாற்று முடிகளைத் தலையில் சுமந்துகொண்டு போனவர் அந்த வயலிலேயே விழுந்து செத்தார். நான் சேற்றில் இறங்க மாட்டேன் என்று கும்பகோணத்துக்கு ஓடிப்போய், ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் எட்டு வருஷம் இருந்து தொழில் கற்றேன். திரும்பி வந்து சொந்தமாகப் பட்டறை போட்டபோது, பஞ்சநதத்தின் காரும் என்னிடமே வந்தது.

எழுபதாம் வருஷம் நில உச்சவரம்பைப் பாதியாகக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது. பஞ்சநதம் முந்திக்கொண்டார். நிலத்தைத் துண்டு போட்டுப் பதினோரு பேர் பெயரில் எழுதிவைத்தார். அதில் நான் ஒருவன். எனக்குப் பன்னிரண்டு மா, அதாவது நாலு ஏக்கர். பத்திர ஆபீசில் அவர் தன் பக்கத்து நாற்காலியைக் காட்டி, "உக்காருப்பா" என்றார். அதுவரை அவர் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை.

"பேருதான் ஒன்னோடது. நெலம் ஒன்னோடது இல்ல. புரியுதுல்ல?"

"புரியுதுங்க" என்றேன். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். சில தாள்களில் எழுத்தே இல்லை.

புரிந்துதான் இருந்தது. ஆனால் அடுத்த வருஷம் கர்ணம் கைமறதியாக, நிலவரி கட்டிய கிஸ்தி ரசீதை என்னிடமே கொடுத்துவிட்டார். சாமிதுரை, தகப்பனார் பெயர் முத்தன் என்று எழுதியிருந்தது. என் அப்பாவின் பெயரை நிலத்துக்குப் பக்கத்தில் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரசீதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் சைக்கிளில் போய் அந்த வரப்பில் உட்கார ஆரம்பித்தேன். எந்த மடையில் தண்ணீர் ஏறும், எந்த மூலையில் தேங்கும் என்று எனக்கு அத்துப்படி ஆயிற்று. எலி வளை இருந்தால் மண் வைத்து மிதிப்பேன். அறுத்த நெல் பஞ்சநதம் வீட்டுக்குத்தான் போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் அவருக்குக் குத்தகைக்கு விட்டிருப்பதாக வைத்துக்கொண்டேன்.

வீரையன் என் தங்கை செவ்வந்தியின் புருஷன். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். நல்லவன். இதை நான் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்லவன். எழுபத்திரண்டு ஆவணியில் ஒரு நாள் பட்டறைக்கு வந்து எதிரே டயர் மேல் உட்கார்ந்தான்.

"மச்சான், புதன்கிழமை மன்னார்குடியில விசாரணை. உச்சவரம்பு அதிகாரி முன்னாடி நீங்க வந்து, இது பினாமி, என் பேர சும்மா போட்டிருக்காங்கன்னு ஒரு வார்த்த சொல்லணும். ஒருத்தர் சொன்னா மத்த பத்தும் தானா வெளிய வந்துரும்."

"சொன்னா நெலம் என்னாகும்?"

"சர்க்கார் எடுத்து, இல்லாதவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கும்."

"எனக்கு வருமா மாப்ள?"

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "ஒங்களுக்கு எதுக்கு மச்சான் நெலம்? ஒங்களுக்குத்தான் பட்டறை இருக்கே. காத்தாயி மாதிரி ஒண்ணுமில்லாதவங்க எத்தன பேரு இருக்காங்க."

நியாயம்தான். காத்தாயி புருஷனை இழந்தவள், மூன்று பிள்ளைகள். நடவுக் கூலியைத் தவிர அவளுக்கு ஒன்றும் கிடையாது. நான் வந்து சொல்கிறேன் என்று வீரையனிடம் ஒப்புக்கொண்டேன். போகும்போது அவன், "அப்படியே நம்ம ஜீப்பையும் பாத்துருங்க மச்சான்" என்றான்.

அது ராணுவம் கழித்துப்போட்ட பழைய ஜீப். சங்கத்துக்காக ஏலத்தில் எடுத்தது. வயல் வண்டிப்பாதை, ஆற்று மணல் எல்லாவற்றிலும் ஏறி இறங்கிய வண்டி. கியர் போட்டால் அடியில் டங்கென்று ஓர் அடி விழும். வேகம் எடுத்தால் உட்கார்ந்திருப்பவன் பல் அடித்துக்கொள்ளும். என்ஜினின் சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு நீள இரும்புக் குழாய். புரொப்பல்லர் ஷாஃப்ட் என்போம். அதன் இரண்டு முனையிலும் சிலுவை மாதிரி ஓர் இணைப்பு இருக்கும், அதற்குக் கிராஸ் என்று பெயர். மேடு பள்ளத்தில் குழாய் முறியாமல் அசைந்து கொடுப்பது அதனால்தான். கழற்றிப் பார்த்தேன். இரண்டு கிராஸும் போயிருந்தன. உள்ளே இருக்கும் ஊசி உருளைகள் துருப்பொடியாகக் கொட்டின.

வீரையன் தஞ்சாவூருக்குப் போய் இரண்டு புதுக் கிராஸ் வாங்கிவந்து கொடுத்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேலையை ஆரம்பித்தேன். அவனும் கூடவே ஜீப்புக்கு அடியில் படுத்துக் குழாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். பின்முனையில் புதியதை முறையாகப் பூட்டினேன். கை வலிக்கிறது என்று அவன் தேநீர் வாங்கிவர எழுந்து போனான்.

முன்முனையில் பழையதைத் துடைத்து மாட்டினேன். உருளைகள் இருந்த இடத்தில் கிரீஸைக் கெட்டியாக அடைத்தேன். அப்படி அடைத்தால் சில மைலுக்குச் சத்தம் வராது. போல்ட்டுகளுக்கு ஸ்பேனர் போடவில்லை, கையால் முடுக்கினதோடு சரி. புதுக் கிராஸ் இன்னும் என் பட்டறையில் ஆணி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

வீரையன் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மச்சான், புது வண்டி மாதிரி இருக்கு" என்றான். நான் தேநீரைக் குடித்தேன்.

வண்டி வழியில் நின்றுவிட வேண்டும், விசாரணை தள்ளிப்போக வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. நீங்கள் இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்பீர்கள். பின்முனை கழன்றால் குழாய் தரையில் இழுபடும், வண்டி நிற்கும். முன்முனை கழன்றால் அது மண்ணில் குத்தி, ஓடுகிற வண்டியையே தூக்கி எறியும். நிற்க மட்டும் வேண்டும் என்றிருந்தால் பழையதைப் பின்னால் போட்டிருப்பேன்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு ஜீப் பட்டறை வாசலில் வந்து நின்றது. வீரையன் ஓட்டிவந்தான். பின்னால் செவ்வந்தியும் காத்தாயியும் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி கேட்டால் நிலமில்லாதவர்கள் இவர்கள் என்று காட்டக் கூட்டிப்போகிறான். முன்சீட் எனக்காகக் காலியாக இருந்தது.

"ஒரு வேலை பாக்கி இருக்கு மாப்ள. முடிச்சிட்டு பஸ்ல வந்துடுறேன்" என்றேன். "கேட்டு மூடிட்டான். நீ ஆத்துக் கரையோடவே போயிடு. பதினோரு மணிக்குள்ள போகணும்னா கொஞ்சம் வெரட்டணும்."

செவ்வந்தி இறங்கி முன்சீட்டுக்கு வந்தாள். "அப்ப ஒன் எடத்துல நான் ஒக்காந்துக்கிறேண்ணே. ஒனக்கும் சேத்துத்தான் புளிசோறு கட்டியிருக்கேன். சீக்கிரம் வந்துடு."

அவளை இறங்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் வீரையன் ஏன் என்று கேட்பான். "சரி" என்றேன்.

நான் பஸ் ஏறவில்லை. பட்டறையில் ஒரு லாரிக்குப் பிரேக் வேலை இருந்தது. அதை முடித்தேன்.

ஜீப் கரையிலிருந்து தூக்கி எறியப்பட்டு ஆற்றில் விழுந்தது. வெண்ணாற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. காத்தாயியை நாணல் புதரிலிருந்து இழுத்தார்கள். மற்ற இருவரையும் அடுத்த மதகில் பிணமாக எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் காத்தாயி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வண்டி வேகமாப் போவுதேன்னு நான்தான் பயந்தேன். எங்கண்ணன் கை வச்ச வண்டி, ஒண்ணும் ஆவாதுக்கான்னு செவ்வந்தி சொல்லிக்கிட்டே வந்துச்சு." அவளுக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இனி நடவுக்குப் போக முடியாது.

விசாரணை ஒத்திவைக்கப்பட்டுப் பிறகு நடந்தது. பதினோரு பேரும் நிலம் எங்களுடையதே என்று சொன்னோம். நானும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை, ஏனென்றால் நான் பொய் சொல்லவில்லை.

அடுத்த மாதம் அந்த வயலில் டிராக்டர் ஓடியது. பஞ்சநதத்தின் மருமகன் வரப்பில் நின்றான். அன்று வெற்றுத் தாளில் நான் போட்ட கையெழுத்துக்கு மேலே, நிலத்தை நான் அவனுக்கு விற்றதாகக் கிரயம் எழுதி முடித்திருந்தார்கள். பஞ்சநதத்தின் வீட்டுக்குப் போனேன். இந்த முறை நாற்காலி இல்லை.

"என் நெலத்த என்னக் கேக்காம எழுதிட்டீங்களேங்க" என்றேன்.

"எதுடா ஒன் நெலம்? ஒனக்கு எதுக்கு நெலம்? பட்டறை இருக்குல்ல, போயி வேலையப் பாரு."

கோபப்படாமல் திரும்பி வந்தேன். மறுநாள் அவருடைய கார் பிரேக் சரிபார்க்க வந்தது. சரிபார்த்துக் கொடுத்தேன். அவருடைய வண்டியில் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

பத்திர ஆபீசுக்குப் போனேன், தாலுகா ஆபீசுக்குப் போனேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். அது வெறும் பெயர், உனக்கும் அந்த நிலத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்றார்கள். கிஸ்தி ரசீதைக் காட்டினேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

ஆமாம், வீரையனைக் கொன்றது நான். செவ்வந்தி அதில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தும் வண்டியைப் போகவிட்டவன் நான். தூக்கோ ஆயுளோ, கொடுப்பதைக் கொடுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தன்னுடையது இல்லாத நிலத்துக்காக எவனாவது கூடப்பிறந்தவளைக் கொல்லுவானா?