பேனரின் பின்பக்கம்

ஆரோக்கியசெல்வி கடை இட்லி நல்ல இட்லி. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சப்-இன்ஸ்பெக்டர் மேடம். காட்டேரிக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் இறங்குகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தம்மா மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இருந்திருந்தால் பேனரில் என் படத்துக்கு அடுத்த பெரிய படமாக அவர் படத்தைப் போட்டிருப்பேனா?

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்று உங்கள் ஏட்டு சொன்னார், பரவாயில்லை. பெயர் சிவப்பிரகாசம். மண்ணாடிப்பட்டுப் பக்கம் எங்களுக்குக் கரும்பு. கரும்பை அண்ணன் பார்த்துக்கொள்கிறார், சமூகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஹெல்மெட்டுக்கு ஒரு குறும்படம், டெங்குவுக்கு ஒரு குறும்படம் எடுத்திருக்கிறேன். டெங்குப் படத்தில் கொசுவாக நானே நடித்தேன். புகை அடிக்கிற காட்சியில் நிஜமாகவே மயங்கி விழுந்தேன். பார்த்தவர்கள் கைதட்டினார்கள்.

இது முழுநீளப் படம். 'கருணைக்கு ஊர் இல்லை.' வில்லியனூரில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்றே சின்னதாக ஒரு கிளினிக் நடத்துகிற டாக்டர் தோம்பாவின் கதை. மணிப்பூரிலிருந்து இங்கே வந்து குடியேறியவர். ஊரில் அவரை நேப்பாள டாக்டர் என்பார்கள். மணிப்பூர், மணிப்பூர் என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்து, இப்போது அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கிறார். அவர் வேடத்தில் நான். வெளியூர்க்காரர் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமே, அதனால் மே மாத வெயிலில் ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாவும் போட்டு நடித்தேன். தமிழை உடைத்து உடைத்துப் பேசினேன். நிஜ டாக்டர் எங்கள் ஊர்த் தமிழைச் சரளமாகப் பேசுகிறார். அது கதாபாத்திரத்துக்குப் பொருந்தவில்லை.

ஒருநாள் ஷூட்டிங் பார்க்க வந்தவர் என் குல்லாவைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது, ஊட்டிக்கு டூர் போற மாதிரி?"

"இது நீங்கதான், டாக்டர்."

"நானா? பாக்கறதுக்கே வேர்க்குது. சரி, என்னை எப்படி வேணா எடுத்துக்கோங்க. என் பேஷண்டுங்ககிட்ட மட்டும் போகாதீங்க. மாத்திரைய முழுங்கிட்டு அவங்கபாட்டுக்கு நல்லா இருக்காங்க."

நான் போகவில்லை. ஆரோக்கியசெல்விதான் என்னிடம் வந்தார். இது முக்கியம். கணவர் இறந்த பிறகுதான் தனக்கும் அந்தக் கிருமி இருப்பது தெரிந்ததாம். டாக்டர் கொடுக்கிற மாத்திரையில் வருஷக்கணக்காகத் திடமாக இருக்கிறார். பயந்துகொண்டு கிளினிக் பக்கமே வராத பெண்கள் கேட்கட்டும் என்று என் படத்தில் பேச வந்தார்.

"பேசறேன் சார். மூஞ்சி மட்டும் தெரியக்கூடாது. எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா மறுநாள் நான் அடுப்பே பத்தவைக்க முடியாது."

கேமராவைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். காப்பாற்றவும் செய்தேன். முதுகுப் பக்கமிருந்துதான் எடுத்தேன், குரலையும் மாற்றினேன். மாற்றியதில் அது கொஞ்சம் என் குரல் மாதிரி ஆகிவிட்டது. படத்துக்கு ஒரு கனம் கூடியது.

சிக்கல் இரண்டாம் பாதியில். நோய் தெரிந்ததும் ஊரே ஒரு இட்லிக்கடைக்காரியை ஒதுக்குகிறது, டாக்டர் வந்து அவள் கையால் வாங்கிச் சாப்பிடுகிறார், ஊர் திருந்துகிறது. ஏன் இட்லிக்கடை என்று கேட்காதீர்கள், கற்பனை எங்கிருந்தாவது வரும். அந்தம்மா கடையையே லொகேஷனாகக் கேட்டேன். "அக்கா கட, அக்காவே உக்காரட்டும், நடிப்புதான!" என்றது கூட்டம். அந்தம்மா என்னைப் பார்த்தார். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே. உட்கார்ந்தார்.

ஊர்க்காரர்களுக்கு ஒதுக்கத் தெரியவில்லை, மேடம். கரும்பு வெட்டுகிற பக்கிரிக்கு ஒரே வேலை. கடையைப் பார்க்க வேண்டும், முகத்தைச் சுளிக்க வேண்டும், நடக்க வேண்டும். ஆக்ஷன் சொன்னேன். பார்த்தான்.

"அக்கா, நாலு இட்லி. வட சூடா இருக்கா?"

"கட்! டேய் பக்கிரி, அந்தம்மாவுக்கு எய்ட்ஸ்டா. நீ பயப்படணும்."

"அது படத்துல, டைரக்டரே. பசி நெஜமால்ல இருக்கு."

மறுபடி எடுத்தேன். இந்த முறை சுளித்தான், நடந்தான், கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "நல்லா சுளிச்சனா? இப்ப சாப்டலாமா?" என்றான். சாம்பார் தீர்ந்தது, காட்சி முடியவில்லை. ஒதுக்கப்பட்டவள் சிரித்துக்கொண்டே பரிமாறுகிறாள், ஒதுக்குகிறவன் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்கிறான். இதை எந்தத் திரைப்பட விழாவுக்கு அனுப்புவது?

நான் சாப்பிடுகிற காட்சி மட்டும் ஒரே டேக்கில் முடிந்தது. அந்த இட்லி என் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸில் வந்தது. எல்லா ஷாட்டிலும் இட்லி ஒரே அளவில் இருக்க வேண்டும். டைரக்டர் என்றால் இதையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி பேனர். நம் பக்கத்தில் காதுகுத்துக்கும் பேனர், கண்ணீர் அஞ்சலிக்கும் பேனர். படம் போடாமல் நன்றி சொன்னால் அதை யாரும் நன்றியாக எடுத்துக்கொள்வதில்லை. என் மகளின் மஞ்சள் நீராட்டு விழா பேனரில் சித்தப்பா படம் விட்டுப்போய், அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஆகவே என் பட வெளியீட்டு பேனரில் நடுவில் ஸ்டெதாஸ்கோப்போடு நான், மூலையில் ஸ்டாம்ப் அளவில் டாக்டர், எனக்குக் கீழே ஆரோக்கியசெல்வி. 'எய்ட்ஸோடு போராடி எங்கள் படத்தில் உண்மையைப் பேசிய காட்டேரிக்குப்பம் இட்லிக்கடை வீரத்தாய்க்கு நன்றி.' பேனர் கடைக்காரரின் தவறு என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அவர் மேல் தவறில்லை. "ஆளு யாருன்னு தெரிஞ்சிடுமே சார்" என்று அவர் கேட்கக்கூடச் செய்தார். வாசகம் என்னுடையது. படத்தைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான். சிரிக்கிற படம்.

கொடுத்த சத்தியத்தை மறந்துவிட்டேனா என்றீர்கள். இல்லை. பேனரைக் கட்டுவதற்கு முன்பே, கடைக்கு எதிரே ரேஷன் கடை வாசலில் கேமராவை வைத்துவிட்டேன். நடிக்கச் சொன்னால் வராதது, நிஜமாகவே நடந்தால் வருமே. ஒரு காலை நேரம் போதும் எனக்கு. அப்புறம் ஊர் என் படத்தைப் பார்த்துத் திருந்திவிடும், அந்தம்மாவுக்கும் பழைய வியாபாரம் வந்துவிடும். யோசனையில் எந்தக் குறையும் இல்லை.

பேனர் ரோட்டைப் பார்த்து நின்றது. கடையில் இருந்து பார்த்தால் வெள்ளைப் பின்பக்கமும் சவுக்குக் கழியும்தான் தெரியும். யார் வீட்டுக் கல்யாணமோ என்று நினைத்திருப்பார். ஆவி பறக்க இட்லிப் பானையை இறக்கிவிட்டு ரோட்டைப் பார்த்து நின்றார்.

பக்கிரி வந்தான். அண்ணாந்து எழுத்துக்கூட்டிப் படித்தான். முகத்தைச் சுளிக்கவில்லை, நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று அங்கேதான் புரிந்தது. செருப்பில் ஏதோ மாட்டிக்கொண்டதுபோலக் குனிந்தான், பஸ் வராத திசையில் பஸ்ஸைத் தேடினான், அப்படியே டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிட்டான். எவ்வளவு இயல்பு! அவனுக்குப் பின்னால் வந்த எல்லாரும் அதே மாதிரி. ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை.

அன்று அடைத்த கடை இன்னும் திறக்கவில்லை. அந்தம்மா எங்கே போனார் என்று தெரியவில்லை. கையில் இருந்த மாத்திரை இதற்குள் தீர்ந்திருக்கும், விட்டால் உடம்பு தாங்காது என்கிறார் டாக்டர். புகார் கொடுத்ததும் அவர்தானே. மருந்துப் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு தவளக்குப்பம் வரைக்கும் தேடி அலைகிறார். பின்னால் பக்கிரி உட்கார்ந்து போகிறானாம். அந்தக் காட்சி என் ஸ்கிரிப்டில் இல்லை. இருந்திருக்கலாம்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நீங்கள் கைப்பற்றிய பதிவில், கடைசி ஷாட்டின் ஓரத்தில் கேமரா பெட்டியின் மேல் ஒரு தட்டு தெரிகிறதே என்கிறீர்கள். நல்ல கண் உங்களுக்கு. வெயில் ஏறியும் ஒருவரும் வராததால், அந்தம்மா நாலு இட்லியைத் தட்டில் வைத்து ரோட்டைத் தாண்டி எடுத்துவந்தார்.

"காலையில இருந்து நிக்கிறீங்களே சார். இன்னிக்கி இன்னாவோ ஒரு ஈ காக்கா இல்ல. நீங்களாவது சாப்புடுங்க."

"வயிறு சரியில்லம்மா," என்றேன்.

தட்டைப் பெட்டி மேல் வைத்துவிட்டுத் திரும்பினார். அப்போதுதான் பேனரின் முன்பக்கம் அவர் கண்ணில் பட்டது. நின்று முழுதும் படித்தார்.

"மூஞ்சி தெரியாதுன்னு சொன்னீங்களே சார்."

"படத்துல தெரியாதும்மா."

அதற்கப்புறம் அவர் பேனரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்தத் தட்டைத்தான் பார்த்தார்.

வயிறுதான் காரணம், மேடம். இத்தனையும் ஒப்புக்கொண்டவன் வயிற்றைப் பற்றிப் பொய் சொல்வேனா? எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். நான் அந்த இட்லியைச் சாப்பிடவில்லை என்பதை மட்டும் எழுத வேண்டாம். படம் இன்னும் வெளியாகவில்லை.