வெளிநாட்டுப் பிரதி

எந்தப் படத்தையும் முதல்முறை பார்க்கும்போது நான் ஒலியை அணைத்துவிடுவேன். ஸ்டுடியோக்கள் நிறைந்த பர்பாங்கில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இதைக் கேலி செய்வார்கள். வெளிநாடுகளுக்குப் படம் விற்கும் எனக்கு அதுதான் வேலை. இங்கே ஒரு டாலர் வசூலாகும் படம் வெளிநாடுகளில் இரண்டு டாலர் கொண்டுவருகிற காலம் இது. ஜகார்த்தாவிலும் கெய்ரோவிலும் இருக்கிறவர்கள் படம் பார்க்க வருகிறார்கள், அடியில் ஓடும் வசனத்தை வாசிக்க வரவில்லை. ஒலியில்லாமல் பார்க்கும்போது எனக்கு எங்கே கதை விட்டுப்போகிறதோ, அங்கே ஒருவர் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போவார். அந்த இடத்தை வெட்டச் சொல்வேன்.

என் கணவன் லயனல் பேச்சாலேயே ஆனவன். அவன் எழுதி இயக்கிய படங்களில் மனிதர்கள் ஓயாமல் பேசுவார்கள். அமெரிக்காவில் அவனுடைய வசனங்களைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். கடல் தாண்டினால் அந்தப் படங்களைச் சீந்த ஆளில்லை. ஒரு கேலிப் பேச்சை மொழிபெயர்த்தால் கடைசியில் மிஞ்சுவது சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது மட்டும்தான்.

"நான் வாயை மூடிக்கிட்டிருந்தா உனக்குப் போதும், இல்ல?" என்பான்.

"வெளிநாட்டுக்குப் போதும்."

"பாத்தீங்களா? எங்க வீட்டுல வெளிநாடு படுக்கையறையிலேயே ஆரம்பிச்சிடுது" என்று விருந்தாளிகளிடம் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என்னை வைத்து அவன் செய்த கேலிகளை நான் ரசித்தவள்தான். நீங்கள் அவன் மகளுடைய வக்கீல் என்றாலும் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும். பெத் என்னை எப்படி வர்ணித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் முதல் தாரத்தின் பெண்.

அவனுடைய கடைசிப் படம் ஒரு வெள்ளத்தைப் பற்றியது. அதற்குப் பெரிய பணம் வாங்கிக் கொடுத்தது நான். வெளிநாட்டு வசூலை நம்பித்தான் ஸ்டுடியோ அதைக் கொடுத்தது, என் வார்த்தையின் பேரில். அணை உடைகிறது, பாலம் சரிகிறது, ஒரு நகரம் மூழ்குகிறது. நடுவில், முழங்கால்வரை தண்ணீர் ஏறிவிட்ட ஒரு சமையலறையில், பிரிந்துபோன கணவனும் மனைவியும் ஒன்பது நிமிடம் பேசிக்கொள்கிறார்கள். யார் யாரை முதலில் விட்டுப்போனது என்று. பாசடீனாவில் முன்னோட்டமாகக் காட்டியபோது ஜனங்கள் அந்த ஒன்பது நிமிடமும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். நான் ஒலியில்லாமல் பார்த்தேன். இரண்டு பேர் ஈரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அதை எடுத்துவிட்டுப் பாலம் சரிவதை நீட்டச் சொன்னேன். மறுத்தான். படத்தின் இறுதி வடிவத்தை முடிவு செய்யும் உரிமை ஒப்பந்தப்படி அவனுடையது. அவனால் இயலாமல் போனால் என்னுடையது. அதைச் சேர்க்கச் சொன்னவனும் அவன்தான். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா கோரின் பாத்துக்குவா. என்னை வெட்டுறதுல அவளுக்கு இருக்கிற அனுபவம் யாருக்கு இருக்கு?" என்று ஸ்டுடியோவின் வக்கீலைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பெத் துருவிக் கேட்கிற அந்த நாளின் நண்பகலில் அவன் இறுதி வடிவத்துக்குக் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. சமையலறைக் காட்சியோடு. காலையில் இரவு உடையிலேயே மேசைக்கு வந்து உட்கார்ந்தான். பெத் அன்று காலை அவனோடு தொலைபேசியில் பேசியதாகச் சொல்கிறாள். உண்மைதான். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னிக்கு கோரினைத் தோக்கடிக்கப் போறேன்டா செல்லம். ஜகார்த்தாவுக்கு என் அனுதாபத்தைச் சொல்லிடு."

ஃபோனை வைத்துவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினான். கத்தி கையிலிருந்து நழுவியது. என்னைப் பார்த்துச் சிரித்தான். முகத்தின் வலது பாதி அந்தச் சிரிப்பில் சேரவில்லை. பிறகு பேசினான். அவன் வாயிலிருந்து வந்ததில் எதுவும் சொல்லாக இல்லை. எனக்கு எல்லாம் புரிந்தது. ஃபோனை எடு. பயமா இருக்கு. கோரின். எந்த நாட்டில் காட்டினாலும் புரியக்கூடிய ஒன்றை இத்தனை வருடத்தில் இப்போதுதான் செய்கிறான் என்று நினைத்தேன். உங்களுக்கு அது கொடூரமாகப் படலாம். நான் அதைப் பாராட்டாகத்தான் நினைத்தேன்.

ஆம்புலன்ஸை உடனே அழைத்தேன். அதில் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியிலும் போனேன்.

மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் ஓடிவந்தாள்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தார்? யோசிச்சுச் சரியாச் சொல்லுங்க மேடம். ரத்தக் கட்டைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குன்னா போடலாம், பேச்சு திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கு. எப்ப ஆரம்பிச்சதுன்னே தெரியலைன்னா போட முடியாது. மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும்."

நல்ல பெண். தெளிவாக விளக்கினாள். லயனலைப் பார்த்தேன். நான் சொல்லப்போவதற்காக அவன் காத்திருந்தான். தன் படத்தை என்னிடம் முதலில் காட்டிவிட்டுக் காத்திருப்பானே, அதே முகம்.

"நேத்து ராத்திரி படுக்கப் போறப்ப நல்லா இருந்தார்" என்றேன். "காலைல கண் முழிக்கும்போதே இப்படித்தான்."

அவன் தலையை இப்படியும் அப்படியும் உருட்டினான். இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். தொண்டையிலிருந்து ஒரு நீளமான சத்தம் வந்தது.

"என்ன சொல்ல வர்றார்?" என்று டாக்டர் கேட்டாள்.

"பயப்படுறார். என்னைப் போகவேணாங்கறார்."

"நீங்க பக்கத்துலேயே இருங்க மேடம்" என்று சொல்லி ஊசிக்குப் போட்டிருந்த உத்தரவை ரத்துசெய்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். அவன் சத்தம் ஓயும்வரை கையைத் தடவிக்கொடுத்தேன்.

நான் கையெழுத்துப் போட்ட வடிவில் படம் வெளியானது. இங்கே சுமார்தான். விமரிசகர்கள், லயனலின் குரலே இதில் இல்லை என்று எழுதினார்கள். வெளிநாடுகளில் மூன்று மடங்கு வசூல். அதற்கான விருந்தில் எல்லோரும் எழுந்து நின்று அவன் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். நான் அவன் சார்பில் நன்றி சொன்னேன்.

பிறகு வீட்டில் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். சக்கர நாற்காலியைத் திரைக்கு அருகில் தள்ளிவைத்தேன். சமையலறையில் தண்ணீர் ஏறுகிறது, இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், உடனே பாலம் சரிகிறது. லயனலின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. கெய்ரோவிலும் அந்த இடத்தில்தான் அழுகிறார்களாம்.

அவனுக்கு இருந்த ஒரே வாய்ப்பை நான்தான் தடுத்தேன். தெரிந்தேதான் தடுத்தேன். பெத்திடம் அப்படியே சொல்லுங்கள். ஆனால் அவனுக்கு என்மேல் வருத்தம் என்று மட்டும் அவளைச் சொல்ல விடாதீர்கள். அன்று படம் முடிந்ததும் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, "நான் வெட்டினது சரிதானே?" என்று கேட்டேன். இப்போதும் தினமும் கேட்கிறேன். இதுவரை ஒருநாள்கூட அவன் மறுத்துப் பேசியதில்லை.